சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப்: புதிதாக வந்த குடும்பங்களுக்கு வழிகாட்டி

நிரந்தரவாச விண்ணப்பத்தை நாங்கள் கைபேசியில்தான் தொடங்கினோம். இரவு பதினொன்றரை மணி. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். மனைவி கடவுச்சீட்டைப் பார்த்து எண்களை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணச் சான்றிதழின் படம் வாட்ஸ்அப்பில் கிடந்தது. அதைத் தேடி எடுத்துவிட்டுத் திரும்பினால், படிவம் மறுபடி புதிதாகத் திறந்து நின்றது. சேமிக்காமல் விட்ட பகுதி முழுக்கப் போயிருந்தது. இப்படியே மூன்று இரவுகள். தளத்தில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வருடப் பழைய கைபேசி, ஒரே நேரத்தில் இரண்டு வேலையைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் நண்பர் வீட்டுக்குப் போய் அவருடைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தோம். இடப்பக்கம் படிவம், வலப்பக்கம் சான்றிதழ்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பக் கிடைக்காத பணம். நாலு பேருக்கு 400 வெள்ளி கட்டும் படிவத்தில் ஒரு பிறந்த தேதி தப்பாகப் போனால் என்ன ஆகும் என்ற பயமில்லாமல், பெரிய திரையில் மூன்று முறை படித்துப் பார்த்து அனுப்பினோம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கக் கிளம்பினேன். முதல் தடவை 180 வெள்ளியை இழந்தேன், இரண்டாவது தடவை சரியாக வாங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் வங்கி, பேருந்து, மருந்தகம், சாப்பாடு எல்லாமே கைபேசியில் நடக்கிறது. அதனால் "இனி எதற்கு டெஸ்க்டாப்?" என்று பலரும் கேட்பார்கள். பார்ப்பதற்கும் பணம் கட்டுவதற்கும் கைபேசி போதும். எழுத, ஒப்பிட, நிரப்ப, பிள்ளை பாடம் படிக்க, வீட்டில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ஒரு பெரிய திரை வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1. உங்களுக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

தங்கும் விடுதியிலோ, நாலு பேர் பகிரும் அறையிலோ இருப்பவர்களுக்கு டெஸ்க்டாப் சரிவராது. இடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுபவர்களுக்கும் லேப்டாப்தான் நல்லது.

குடும்பத்தோடு வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடி வீட்டில் குறைந்தது ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள், பிள்ளை தொடக்கப்பள்ளியில் படிக்கிறது, வருடா வருடம் வருமான வரிக் கணக்கு, பாஸ் (இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி) புதுப்பிப்பு, பள்ளிச் சேர்க்கை என்று படிவ வேலை இருக்கிறது என்றால் வாங்குங்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளித் திட்டத்தின்கீழ் சொந்தக் கற்றல் சாதனம் இருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பள்ளிகள் பயன்படுத்தும் இணைய மாணவர் கற்றல் தளத்தில் வரும் வீட்டுப் பாடத்தை அம்மாவின் கைபேசியில் செய்தால், நடுவில் வரும் ஒவ்வொரு அழைப்பும் பாடத்தை நிறுத்தும்.

லேப்டாப் ஏன் இல்லை என்று கேட்டால், என் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான். டெஸ்க்டாப்பில் எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். என் மகள் விசைப்பலகையில் மைலோவைக் கொட்டினாள். 15 வெள்ளியில் புதிது வாங்கிச் செருகினேன். அதே மைலோ லேப்டாப்பில் விழுந்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப் வந்தாலும் கைபேசி வேண்டும். அரசுத் தளங்களுக்குள் போக, திரையில் வரும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் உள்ள சிங்பாஸ் (அரசின் மின்-அடையாளம்) செயலியால் பெரும்பாலும் ஸ்கேன் செய்வீர்கள். ஆகவே வந்திறங்கியவுடன் பாஸ் அட்டை கிடைத்ததும் முதல் வேலையாகச் சிங்பாஸ் பதிவை முடித்துவிடுங்கள்.

2. வீட்டுக்காரரிடம் பேசுங்கள், இடத்தை அளந்துகொள்ளுங்கள்

வாடகை வீடென்றால் மூன்று கேள்விகள். எந்த பிளக் முனையைப் பயன்படுத்தலாம்? இணையத்துக்கான கண்ணாடி இழைப் பெட்டி எந்த அறையில் இருக்கிறது? சுவர் ஓரமாகக் கேபிள் ஒட்டிக்கொள்ளலாமா? சுவரில் ஓட்டை போடுவதெல்லாம் வேண்டாம், முன்பணத்தில் கழித்துவிடுவார்கள்.

ஜன்னலை ஒட்டி மேசை போடாதீர்கள். சாய்ந்து அடிக்கும் மழை இந்த ஊரில் பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிடும். பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள். தரையில் வைத்த எங்கள் பெட்டிக்குள் ஒரு மாதத்தில் எறும்புக் கூட்டம் குடிவந்தது. மூடியைத் திறந்தபோது விசிறிக்குப் பின்னால் வெள்ளை முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இந்த ஈரப்பதத்தில் சூடான, இருட்டான எந்த மூலையும் அவற்றுக்கு வீடுதான். மேசைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பக்கத்தில் தின்பண்டம் வேண்டாம்.

3. பட்ஜெட்: 500 வெள்ளி போதும்

புதிதாகப் பாகம் பாகமாகக் கட்டினால் திரை இல்லாமலேயே 800, 1,000 வெள்ளி என்று போகும். 2025 கடைசியிலிருந்து ரேம் (தற்காலிக நினைவகம்) விலை வேறு ஏறிக்கிடக்கிறது. விளையாட்டுக்கோ வீடியோ வெட்டுவதற்கோ இல்லையென்றால் அவ்வளவு செலவு தேவையில்லை. அலுவலகங்கள் மூன்று, நான்கு வருடம் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் டெஸ்க்டாப்புகள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்களைத் தேடுங்கள். உறுதியாகக் கட்டப்பட்டவை, சத்தம் குறைவு.

நான் இரண்டாம் முறை கொடுத்த கணக்கு இது:

அலுவலகத்தில் ஓடிய சிபியு பெட்டி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு): 250 வெள்ளி
புது 24 அங்குல மானிட்டர்: 130
விசைப்பலகை, மவுஸ்: 30
மைக் உள்ள வெப்கேம்: 35
திரைக்கான கேபிள்: 12
மின்னல் தடுப்புள்ள பிளக் பலகை: 25
15 மீட்டர் இணையக் கேபிள்: 12

மொத்தம் 494 வெள்ளி. மேசையும் நாற்காலியும் தனி. அவற்றை வீடு மாறுபவர்களிடம் சும்மாவே வாங்கலாம், கேரசல் என்ற பழைய பொருள் விற்பனைச் செயலியில் தேடினால் கிடைக்கும். நீங்கள் வாங்கும் நேரத்தில் ரேம் விலையைப் பொறுத்து பெட்டியின் விலை கொஞ்சம் கூடலாம்.

பட்டியலில் கடைசி நாலு பொருட்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பழைய அலுவலகப் பெட்டிகளில் வைஃபை பெரும்பாலும் இருக்காது. கேமரா, மைக் இருக்காது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசலாம் என்று நினைத்து வாங்கினால், முதல் நாளே ஏமாற்றமாக இருக்கும். பல பெட்டிகளில் எச்டிஎம்ஐ முனையும் இருக்காது, டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான் இருக்கும். பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேபிள் வாங்குங்கள்.

யுபிஎஸ் வாங்கத் தேவையில்லை. ஊர்ப் பழக்கத்தில் நானும் அதைத்தான் முதலில் விசாரித்தேன். இங்கே மின்வெட்டு அபூர்வம்.

மின்கட்டணத்துக்கும் பயப்பட வேண்டாம். இந்த மாதிரிச் சின்ன பெட்டியும் திரையும் சேர்ந்து சாதாரண வேலையில் 50 வாட் அளவில் எடுக்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் கால் யூனிட். யூனிட் சுமார் 30 காசு என்று வைத்தால் மாதம் இரண்டேகால் வெள்ளி வரும். ஏர்கான் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை.

4. எங்கே வாங்குவது

சிம் லிம் சதுக்கம் எல்லாருக்கும் தெரிந்த இடம். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் வேலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். கூட்ட நேரத்தில் எந்தக் கடைக்காரரும் உங்கள் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருக்க மாட்டார். வேலைநாளில் மதியம் போங்கள். முதல் நாள் விலை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். குறைந்தது நாலு கடை.

பழைய அலுவலகக் கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் கடைகள் தொழிற்பேட்டைக் கட்டடங்களிலும் இருக்கின்றன. விலை கொஞ்சம் குறையும். கேரசலில் தனிநபரிடம் வாங்கினால் இன்னும் குறையும். ஆனால் பிரச்சினை வந்தால் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன். முதல் தடவை வாங்குபவர்கள் கடையிலேயே வாங்குங்கள். 50 வெள்ளி கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கடையில் மாட்டியிருக்கும் விலையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்தே இருக்க வேண்டும். பேரம் முடிந்த பிறகு "வரி தனி" என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். கடன் அட்டைக்கு 2, 3 விழுக்காடு கூடுதலாகக் கேட்பவர்களும் உண்டு, ஆகவே விலை பேசும்போதே எப்படிப் பணம் கட்டப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பேநவ் (வங்கிவழி உடனடிப் பணமாற்றம்) என்றால் பணம் போகும் பெயர் கடையின் பெயர்தானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். பொருளைப் பார்க்காமல் முன்பணம் கட்டவே கட்டாதீர்கள்.

5. பணம் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம்

நான் இழந்த 180 வெள்ளி இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காததால் போனதுதான். ஒரு புளோக்குக்குக் கீழே சிமெண்ட் மேசையில் வைத்து ஒருவர் காட்டினார். ஓடியது, சுத்தமாக இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து விண்டோஸை முதலிலிருந்து நிறுவி இணையத்தில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து ஊழியர் கணக்கால் உள்நுழையச் சொன்னது. அந்தப் பெட்டி இன்னமும் அந்த நிறுவனத்தின் மேலாண்மைப் பதிவில் இருந்திருக்கிறது. அவர்கள் விடுவிக்காமல் அதை என்னால் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது. விற்றவரின் எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை.

ஆகவே வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலில் பிராசசர், அதாவது கணினியின் மூளை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இன்டெல் ஐ5-8500 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 8தான் தலைமுறை. ஐ5-7500, ஐ5-6500 எல்லாம் 100 வெள்ளிக்குக்கூடக் கிடைக்கும். வேண்டாம். "ஐ7 தம்பி, ரொம்ப வேகம்" என்று சொல்லி 4ஆம் தலைமுறையைக் கையில் கொடுப்பார்கள். ஐ7ஆ ஐ5ஆ என்பதைவிட அந்தத் தலைமுறை எண்தான் முக்கியம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா என்றும் பாருங்கள். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நிறுவனப் பூட்டு. ஏற்கெனவே ஒரு கணக்கு போட்டு ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் இது வெளியே தெரியாது. இணையம் இல்லாமல் நிறுவியிருந்தால் விற்பவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். உங்கள் முன்னால் ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுதல்) செய்யச் சொல்லுங்கள். அரை மணிக்கும் மேல் ஆகும், அதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ரீசெட் முடிந்து மொழி, நாடு கேட்கும் திரை வந்ததும் உங்கள் கைபேசியை யுஎஸ்பி கேபிளால் செருகி, அதன் இணையத்தைக் கொடுங்கள். பெட்டியில் வைஃபை இல்லாவிட்டாலும் இப்படிச் செய்யலாம். வேறு நிறுவனத்தின் பெயர் எதுவும் வராமல் சாதாரணக் கணக்கு கேட்டால் நல்லது. ரீசெட்டுக்கு நேரமில்லை என்று கடைக்காரர் சொன்னால், "நிறுவனப் பூட்டு இருந்தால் பணம் திரும்பத் தரப்படும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) கடவுச்சொல். கணினியை முடுக்கும்போது எஃப்1, எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், அதை எடுத்துத் தரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, விண்டோஸ் உரிமம். அமைப்புகளில் சிஸ்டம் என்பதற்குள் ஆக்டிவேஷன் இருக்கும். "ஆக்டிவ்" என்று அங்கே காட்ட வேண்டும். 10 வெள்ளிக்குச் சாவி எண் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக் கணக்குத் திறக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஐந்தாவது, எஸ்எஸ்டியின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை ஒரு யுஎஸ்பி துண்டில் போட்டு எடுத்துப் போங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை விழுக்காடு ஆயுள் மிச்சம் என்று காட்டும். 80 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் வேறு எஸ்எஸ்டி கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எல்லா யுஎஸ்பி முனையிலும் அந்தத் துண்டைச் செருகிப் பாருங்கள். விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மிகச் சின்ன பெட்டிகளில் மின்வழங்கி அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும், கெட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. இடம் இருந்தால் கொஞ்சம் பெரிய பெட்டியையே எடுங்கள்.

6. ரசீதும் உத்தரவாதமும்

கணினி வாங்க அடையாள அட்டையோ பாஸோ தேவையில்லை. தவணையில் வாங்கினால்தான் அந்தக் கேள்வி வரும். இந்தத் தொகைக்குத் தவணையே வேண்டாம் என்பேன்.

ரசீதில் இவை இருக்க வேண்டும்: கடையின் பெயர், முகவரி, தேதி, மாடல், பிராசசர், ரேம், எஸ்எஸ்டி அளவு, வரிசை எண், உத்தரவாத மாதங்கள். "பிசி 1 செட்" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து முழுதாக எழுதச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே ரசீதைப் படம் எடுத்துவிடுங்கள். இந்த வெப்பத்தில் அந்தத் தாள் ஆறே மாதத்தில் வெளுத்துப் போய்விடும்.

2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் என்று பேச்சுவழக்கில் சொல்லும் விதி இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், வாங்கும்போதே அது இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது முடியாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் தனிநபர் தனிநபருக்கு விற்பதற்குப் பொருந்தாது. என் 180 வெள்ளி திரும்பி வராததற்குக் காரணம் இதுதான். வாங்கும்போதே உங்களிடம் சொல்லப்பட்ட குறைக்கும் பொருந்தாது. ஆகவே "உள்ளது உள்ளபடி" என்று ரசீதில் எழுதியிருந்தால் என்னென்ன குறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுக்குள் பதியலாம். 5,000 வெள்ளி வரை என்றால் வாங்கியவருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

7. பிளக்கும் மின்னலும்

இங்கே 230 வோல்ட், மூன்று சதுரக் கால் பிளக். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டைக் கால் பிளக்கைப் பேனாவால் மேல் துளையை அழுத்தித் திறந்து செருகுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அதில் நிலத்தொடர்பு கிடைக்காது. சிபியுவுக்கும் பெரும்பாலான மானிட்டர்களுக்கும் ஒரே வகை மின்கம்பிதான். 5 வெள்ளிக்கு இங்கத்திய பிளக்கோடு புதுக் கம்பி வாங்கி மாற்றிவிடலாம். பிளக் பலகையில் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இடி இடிக்கும் மதியங்களில், வீட்டில் யாரும் இல்லையென்றால் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள்.

8. இணையம்

வீட்டில் ஏற்கெனவே இணையம் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். புதிதாக எடுப்பதென்றால் ஒப்பந்தம் பொதுவாக 24 மாதம். பாஸ் அட்டை, முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் இரண்டையும் தயாராக வையுங்கள். உங்கள் பாஸ் முடியும் தேதி ஒப்பந்தத்துக்கு முன்னால் வந்தால் வைப்புத்தொகை கேட்கலாம். நடுவில் முறித்தால் மிச்ச மாதங்களுக்குக் கட்டணம் கேட்பார்கள், கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். வாடகை ஒரு வருடம்தான் என்றால் வீட்டுக்காரர் பெயரிலேயே இணைப்பு இருக்கட்டும், மாதாமாதம் நீங்கள் கட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

டெஸ்க்டாப்பை முடிந்தவரை கேபிளில் இணையுங்கள். வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்பது எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது.

9. முதல் மாலை செய்ய வேண்டியவை

விண்டோஸ் புதுப்பிப்புகளை முடிக்க விடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். பிறகு ஆளுக்கொரு கணக்கு, பிள்ளைக்குக் குழந்தைக் கணக்கு. விண்டோஸ் 11 உங்கள் தரவைத் தானாகவே மறைகுறியாக்கலாம். அதன் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டு இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். அது இல்லாமல் ஒரு நாள் பெட்டி திறக்காமல் போனால் படங்கள், ஆவணங்கள் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

அமைப்புகளில் நேரம், மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் வசதியும் உண்டு. விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தினால் மொழி மாறும். பிள்ளை தாய்மொழிப் பாடத்துக்குத் தட்டச்சுப் பழகவும் இது உதவும்.

அடுத்து, என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையிலும் அதிகப் பயன் தரும் ஒரு மணி நேரம். குடும்ப ஆவணங்கள் அத்தனையையும் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். கடவுச்சீட்டுகள், பாஸ்கள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பட்டங்கள், மதிப்பெண் பட்டியல்கள், சம்பளச் சீட்டுகள், வரிக் கணிப்பு அறிக்கைகள், வாடகை ஒப்பந்தம், அதன் முத்திரைத் தீர்வைச் சான்று. கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் போதும், தனி ஸ்கேனர் வேண்டாம். பெயரும் வருடமும் வைத்துக் கோப்புக்குப் பெயரிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும், அதையும் அதே இடத்தில் சேருங்கள். இதன் ஒரு நகலை வெளிவட்டில் எடுத்துத் தனியாக வையுங்கள்.

வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை நேரம். கோப்புறை தயாராக இருந்தால் அரை மணி வேலை.

எல்லாரும் பயன்படுத்தும் கணினி என்பதால் உலாவியில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சிங்பாஸிலிருந்து வெளியேறுங்கள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்து, ஒரு எண்ணுக்கு அழைக்கச் சொல்லும். அது மோசடி. அந்த எண்ணுக்கு அழைக்காமல், மின்சுவிட்சை அணைத்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (மோசடித் தடுப்பு உதவி) எண்ணில் விசாரியுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்களுக்கு இதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

மொத்தத்தில் விலை விசாரிக்க ஒரு வாரம், வாங்க ஒரு மதியம், நிறுவ ஒரு மாலை. புது இணைய இணைப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒன்றிரண்டு வாரம் விட்டுவையுங்கள். பாஸ் புதுப்பிப்பு அடுத்த மாதம் என்றால் இன்றே தொடங்குங்கள்.

10. பழையதைக் கழிப்பதும் ஊருக்குத் திரும்புவதும்

பழைய கணினியைக் குப்பைக் குழாயில் போடவோ மின்தூக்கிப் பக்கத்தில் விட்டுவிடவோ கூடாது. 2021 ஜூலையிலிருந்து, புதுக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை, கேட்டால் அதே வகைப் பழையது ஒன்றை இலவசமாக எடுத்துப் போக வேண்டும். டெலிவரிக்கு நேரம் குறிக்கும்போதே சொல்லிவையுங்கள். சின்ன பொருட்களுக்கு மின்கழிவுத் தொட்டிகள் பல இடங்களில் இருக்கின்றன.

ஊருக்கே திரும்புவதென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 18 வயதுக்கு மேற்பட்ட பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம், டெஸ்க்டாப்புக்கு விதி வேறு. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே விற்பனைக்குப் போடுங்கள். கடைசி வாரத்தில் போட்டால் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதையும், வட்டைத் துடை என்பதையும் தேர்ந்தெடுங்கள். ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குபவரும் புதிதாக வந்தவராக இருந்தால் இந்த ஐந்தாவது படியை உட்கார்ந்து அவரோடு சேர்ந்து செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.